தமிழ்த் திரையின் மறக்க முடியாத தந்தையர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவைக் கொண்டாடும் தமிழ் சினிமாவில் அப்பாவுக்கு என்ன இடம் இருக்கிறது?

தாய்ப்பாசத்தைப் பாடாத காலமே தமிழ்த் திரையில் இல்லை என்பது உண்மைதான். தந்தைக்கோ நெடுங்காலம் இரண்டே வேலைகள்தாம் இருந்தன. ஒன்று, முதல் அரைமணி நேரத்துக்குள் கொல்லப்பட்டு மகனுக்குப் பழிவாங்கக் காரணம் தருவது; மற்றொன்று, மகளின் காதலுக்குக் குறுக்கே நிற்பது. இந்த இரண்டு அச்சிலும் அடங்காமல், தனக்கென்று ஒரு வாழ்க்கையும் பயமும் வெட்கமும் உடையவராக வந்த தந்தையர் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஆழமாகப் பதிந்தவர்கள். அவர்களை வரிசையாக எண்ணிப் பார்க்கும்போது ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. பிள்ளைக்காக எதையும் சாதித்துக் காட்டிய தந்தையைவிட, பிள்ளையின் முன்னால் ஏதேனும் ஒரு தருணத்தில் கையறு நிலையில் நின்ற தந்தையே நம் நினைவில் நிலைத்திருக்கிறார். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்தத் தருணங்களைப் பற்றியவை. சில இடங்களில் கதையின் முடிவும் சொல்லப்பட்டிருக்கிறது.

ஒரே ஒரு தந்தையைச் சொல்ல வேண்டுமென்றால் யாரைச் சொல்லலாம்?

1992-இல் வெளிவந்த ‘தேவர் மகன்’ படத்தின் பெரிய தேவரைத்தான் சொல்ல வேண்டும். கமல்ஹாசன் எழுத, பரதன் இயக்கிய அந்தப் படத்தில் சிவாஜி கணேசன் திரையில் இருக்கும் நேரம் ஏறத்தாழ முதல் பாதி மட்டுமே. ஆனால் அவர் இறந்த பிறகும் படம் முழுக்க அவர்தான் நடமாடிக்கொண்டிருக்கிறார்.

தந்தையும் மகனும் தனியே பேசும் காட்சியை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய சக்திவேல், சென்னையில் உணவகத் தொழில் தொடங்கப் போவதாகவும் இந்த ஊரில் இருக்க முடியாது என்றும் சொல்ல வந்திருக்கிறான். பெரிய தேவர் குரலை உயர்த்தவில்லை. பகையில் ஊறிய ஊர் மக்களைப் பற்றியும், அவர்களைப் படிப்படியாகத்தான் மாற்ற முடியும் என்பதைப் பற்றியும், தான் ஊன்றும் விதையின் பழத்தைத் தானே தின்ன வேண்டுமென்று எதிர்பார்க்கக் கூடாது என்பதைப் பற்றியும் பேசுகிறார். அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். வசனம் எவ்வளவு சிறந்ததோ, அதைவிடச் சிறந்தது அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் இருக்கும் தயக்கம். ஊரே கட்டுப்படும் மனிதர் தன் மகனிடம் உத்தரவு போட முடியாமல், வேண்டுகோளையும் நேராக வைக்க முடியாமல், தத்துவமாகச் சுற்றி வளைத்துக் கேட்கிறார். ‘என்னோடு இரு’ என்று மூன்று நொடியில் சொல்லிவிடக் கூடியதை, அவர் தன் பெருமிதம் இடம் கொடுத்த வழியில் சொல்கிறார்.

பஞ்சாயத்தில் பட்ட அவமானத்தின் பின் அவர் இறந்துபோக, மகன் முறுக்கு மீசையும் வேட்டியுமாக அதே இடத்தில் வந்து அமர்கிறான். தந்தை கேட்டது கிடைத்துவிட்டதா, மகன் சிறைப்பட்டுவிட்டானா என்ற இரண்டு கேள்விகளையும் படம் சேர்த்தே எழுப்புகிறது. சாதிப் பெருமிதத்தை இந்தப் படம் கையாண்ட விதம் குறித்து எழுந்த விமர்சனங்கள் நியாயமானவை. அவற்றை ஒதுக்கிவிட்டு இந்தத் தந்தையைப் பேச முடியாது. ஏனென்றால் அவர் மகனுக்கு விட்டுச் சென்றது அன்பும் பொறுப்பும் மட்டுமல்ல, அந்தப் பகையும்தான்.

சிவாஜியின் பிற தந்தை வேடங்களில் எவை குறிப்பிடத்தக்கவை?

‘தெய்வ மகன்’ (1969), ‘வியட்நாம் வீடு’ (1970) ஆகிய இரண்டையும் சொல்லலாம்.

ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய ‘தெய்வ மகன்’, அகாடமி விருதுக்காக இந்தியா அனுப்பிய முதல் தமிழ்ப் படம். அதில் தந்தை சங்கர், மகன்கள் கண்ணன், விஜய் ஆகிய மூவருமே சிவாஜிதான். முகத்தில் தழும்போடு வாழ்ந்து அவமானத்தைக் குடித்த சங்கர், அதே முகத்தோடு பிறந்த மூத்த மகனைக் கொன்றுவிடும்படி மருத்துவ நண்பரிடம் சொல்லிவிடுகிறார். மருத்துவர் கொல்லாமல் வேறிடத்தில் வளர விடுகிறார். வளர்ந்த மகன் ஒருநாள் எதிரே வந்து நிற்கும்போது, சங்கர் தொகை எழுதாத காசோலையில் கையெழுத்திட்டு நீட்டுகிறார். தன்னிடம் இருக்கும் எல்லாவற்றையும் தரத் தயாராக இருக்கும் ஒரு மனிதருக்கு, எதிரில் நிற்பவனுக்கு வேண்டியது என்னவென்று தெரிந்தும் அதைத் தர முடியவில்லை. ஒரே நடிகர் இரண்டு பக்கமும் நின்று நடித்த காட்சி அது என்பதைப் பார்க்கும்போது நாம் மறந்துவிடுகிறோம் என்பதே அந்த நடிப்புக்குச் சான்று.

‘வியட்நாம் வீடு’ சுந்தரம் எழுதி, மேடை நாடகமாக வெற்றிபெற்றுப் பின்னர் பி. மாதவன் இயக்கத்தில் படமானது. ‘பிரெஸ்டீஜ்’ பத்மநாபன் வேலையில் இருக்கும்வரை வீட்டுக்குத் தலைவர். ஓய்வு பெற்ற மறுநாள் முதல் வீட்டில் ஓர் ஆள் மட்டுமே. மரியாதை சம்பளத்தோடு சேர்ந்து வந்துகொண்டிருந்தது என்பதை அவர் கண்டுகொள்ளும் வேதனையை, பத்மினியின் சாவித்திரி ஒருத்திதான் உடனிருந்து பார்க்கிறாள்.

நடுத்தரக் குடும்பத்துத் தந்தையைச் சரியாகக் காட்டிய படம் எது?

விசு எழுதி இயக்கி நடித்த ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986). ஏவி.எம். தயாரித்த இந்தப் படம், சிறந்த வெகுஜனப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. அம்மையப்ப முதலியாருக்கும் மூத்த மகன் சிதம்பரத்துக்கும் இடையே மூண்ட சண்டை பணத்தைப் பற்றியதுதான்: யார் எவ்வளவு தருகிறார்கள், யாருக்காக எவ்வளவு செலவாகிறது என்ற கணக்கு. சண்டை முற்றி, வீட்டின் நடுவே கோடு போட்டுப் பிரிக்கப்படுகிறது. ரகுவரன் இந்த மகனை வில்லனாக நடிக்காமல், தன் கணக்கு சரி என்று மனதார நம்புகிறவனாக நடித்திருப்பார். அதனால்தான் தந்தையின் கோபம் அவ்வளவு உறைக்கிறது. கடைசியில் எல்லாரும் சமாதானமான பிறகு மருமகள் உமா, சேர்ந்து வாழ வேண்டாம், தள்ளி இருந்து உறவாடலாம் என்று சொல்வதும், அதை முதலியார் ஏற்பதும், கூட்டுக் குடும்பத்தைப் போற்றிக்கொண்டிருந்த ஒரு திரையுலகத்தில் துணிச்சலான முடிவு.

அடித்து வளர்க்கும், அடக்கி ஆளும் அப்பாக்களை இன்று எப்படிப் பார்ப்பது?

இரண்டு வகையினர் இருக்கிறார்கள். திருமுருகன் இயக்கிய ‘எம்டன் மகன்’ (2006, வரிவிலக்குக்காக ‘எம் மகன்’ என்று பெயர் மாறியது) படத்தில் நாசர் நடித்த மளிகைக்கடைக்காரத் தந்தை, மகனைக் கை ஓங்கியே வளர்க்கிறார். ‘சந்தோஷ் சுப்பிரமணியம்’ (2008) படத்தில் பிரகாஷ் ராஜ் நடித்த தந்தை ஒருமுறைகூடக் கடுமை காட்டாமல், சட்டை முதல் கல்யாணப் பெண்வரை தானே தேர்ந்தெடுத்துத் தருகிறார். தெலுங்கு மூலமான ‘பொம்மரில்லு’விலும் அந்தத் தந்தை அவரே. இந்த இரண்டாம் வகைதான் அதிகம் மூச்சு முட்ட வைக்கிறது, ஏனென்றால் அதை எதிர்க்க மகனுக்கு ஒரு காரணமும் கையில் இல்லை.

அப்பா–மகள் படங்களில் எங்கிருந்து தொடங்கலாம்?

தமிழ்த் திரையில் தந்தைமை மிகச் செழிப்பாக வெளிப்பட்ட இடம் இதுதான். பதிலும் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் ‘மகாநதி’ (1994). சந்தான பாரதி இயக்கிய இந்தப் படத்தில் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் வசதியாக வாழ்ந்த கிருஷ்ணசாமி, சென்னையில் சீட்டு நிறுவன மோசடியில் சிக்கிச் சிறைக்குப் போகிறார். வெளியே வரும்போது பிள்ளைகள் இருவரும் காணாமல் போயிருக்கிறார்கள். மகள் காவேரியை அவர் கண்டுபிடிப்பது கொல்கத்தாவின் பாலியல் தொழில் பகுதியான சோனாகாச்சியில். அந்த இடத்தைவிடவும் பார்வையாளரை உலுக்குவது அதற்குப் பின் வரும் இரவுதான். மீட்டுக் கொண்டுவந்த மகள் தூக்கத்தில் புலம்புகிறாள். பக்கத்தில் படுத்திருக்கும் தந்தை அதைக் கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டதால் மகளைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்திருந்த மனிதருக்கு, தான் வர எவ்வளவு தாமதமாகிவிட்டது என்பது அந்தச் சில சொற்களில் தெரிகிறது. கமல்ஹாசனின் நடிப்பு வாழ்க்கையில் இதற்கு இணையான காட்சிகள் மிகச் சிலவே.

ராதாமோகனின் ‘அபியும் நானும்’ (2008) இதற்கு நேர் எதிரான வெளிச்சத்தில் இருக்கிறது. மகளைப் பள்ளிக்கு அனுப்பவும், சைக்கிள் ஓட்ட விடவும், வெளியூருக்குப் படிக்க அனுப்பவும் பயந்து பயந்து ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்த ரகுராம், அவள் ஒரு சீக்கிய இளைஞரை மணக்க விரும்பும்போது மறுபடியும் அதே பயத்தைச் சந்திக்கிறார். கெட்டது எதுவும் நடக்காத ஒரு கதையில் தந்தையின் தவிப்பை மட்டுமே வைத்து ஒரு முழுப் படத்தை நடத்த முடியும் என்று காட்டிய படம் அது.

ராம் இயக்கிய இரண்டு படங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ‘தங்க மீன்கள்’ (2013) படத்தின் கல்யாணி, மகளின் பள்ளிக் கட்டணத்தைக்கூட நேரத்துக்குக் கட்ட முடியாதவன். தன் தந்தையின் வீட்டில், அவருடைய தயவில் வாழ்வதாக உணர்ந்து குமைபவன். மகள் செல்லம்மா விளம்பரத்தில் பார்த்த ஒரு நாய்க்குட்டியைக் கேட்கிறாள். அதை வாங்கித் தருவதற்காக அவன் கொச்சிக்கு வேலைக்குப் போகிறான். தேவையில்லாத பிடிவாதம் என்று பார்ப்பவர்களுக்குக் கோபம் வரும். வரத்தான் வேண்டும், அவன் நல்ல தந்தையா என்ற கேள்விக்குப் படம் எளிதாகப் பதில் சொல்வதில்லை. நா. முத்துக்குமார் எழுதி, யுவன் சங்கர் ராஜா இசையமைத்த ‘ஆனந்த யாழை’ பாடல் இந்தப் படத்தில்தான் வருகிறது. முத்துக்குமாருக்கும், செல்லம்மாவாக நடித்த சாதனாவுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன.

அதே சாதனா, பதின்ம வயதில் நடித்த ‘பேரன்பு’ (2019) இந்தப் பட்டியலிலேயே மிகக் கடினமான படம். மூளை முடக்குவாதம் கொண்ட மகளைத் தாய் விட்டுச் சென்றுவிட, பல ஆண்டுகள் வெளிநாட்டில் உழைத்துவிட்டு வந்த அமுதவன் அவளோடு தனியே வாழக் கற்றுக்கொள்கிறான். தன்னைப் பார்க்கவே மறுக்கும் மகளைச் சிரிக்க வைக்க அவன் ஆடுகிறான், பாடுகிறான், வேடிக்கை காட்டுகிறான். கேமரா விலகாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. மம்மூட்டி என்ற பெரிய நட்சத்திரம் ஒரு குழந்தையின் ஒரே ஒரு புன்னகைக்காக அப்படித் தோற்றுக்கொண்டே இருப்பதைப் பார்ப்பது எளிதன்று. மகளுக்கு மாதவிலக்கு வரும்போது அவளுக்குத் தந்தையின் உதவி தேவை, ஆனால் தந்தை என்பதாலேயே அவள் கூசுகிறாள். அவள் உடலில் எழும் ஆசைகளையும் படம் மறைக்கவில்லை. தந்தையின் அன்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது எட்டாத இடங்கள் மகளின் வாழ்க்கையில் உண்டு என்று இவ்வளவு நேர்மையாகப் பேசிய வேறொரு தமிழ்ப் படத்தைச் சொல்வது கடினம்.

பெற்ற தந்தையாக இல்லாமல் தந்தையானவர்கள் உண்டா?

மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) படத்தில் மாதவன் நடித்த திருச்செல்வன் முதலில் நினைவுக்கு வருகிறான். முகாமில் பிறந்த இலங்கைத் தமிழ்க் குழந்தையைத் தத்தெடுக்க விரும்பி, தனி ஆணுக்கு அது இயலாது என்பதால் திருமணமே செய்துகொள்பவன். அமுதாவின் ஒன்பதாம் பிறந்தநாளன்று அவன் உண்மையைச் சொல்லிவிடுகிறான். அவள் பெற்ற தாயைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கும்போது, போர் நடக்கும் நாட்டுக்கே அழைத்துச் செல்கிறான். தன்னைவிட்டு அவள் போய்விடக்கூடும் என்று தெரிந்தே கூட்டிக்கொண்டு போவதுதான் அவனுடைய தந்தைமை.

மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978) காளி, தங்கை வள்ளிக்கு அண்ணனும் அப்பாவுமானவன். ‘நாயகன்’ (1987) படத்தின் வேலு நாயக்கர் தாராவிக்கே தந்தையாகிவிட்டு, தன் சொந்த மகளிடம் தோற்கிறார்; மகள் சாருமதி அவரைவிட்டு விலகியதை அவரால் எந்த அதிகாரத்தாலும் திருப்ப முடியவில்லை.

மறக்க முடியாத கெட்ட தந்தை யார்?

‘உதிரிப்பூக்கள்’ (1979) படத்தின் சுந்தரவடிவேலு. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ கதையிலிருந்து உந்துதல் பெற்று மகேந்திரன் எடுத்த படம். விஜயன் இந்தப் பாத்திரத்தைக் கத்தலோ முறைப்போ இல்லாமல், அமைதியான கொடுமையாக நடித்தார். கடைசியில் ஊரே அவனை ஆற்றுக்குள் இறங்கச் சொல்லும்போது, கரையில் அவனுடைய இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவன் தண்டிக்கப்பட வேண்டியவன் என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு அவன் அப்பா மட்டும்தான். நியாயம் கிடைத்த நிறைவோடு யாரும் அந்தப் படத்திலிருந்து எழுந்துவிட முடியாது.

சாதியும் தந்தைமையும் சந்திக்கும் படங்கள் எவை?

வெற்றிமாறனின் ‘அசுரன்’ (2019), மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018). அண்மைக்காலத் தமிழ்த் திரை தந்தையைப் பற்றிப் புதிதாகச் சொன்னது இந்த இரண்டிலும்தான் அதிகம்.

பூமணியின் ‘வெக்கை’ நாவலைத் தழுவிய ‘அசுரன்’ படத்தில், சிறைப்பட்ட மூத்த மகனை மீட்பதற்காகச் சிவசாமி, எதிர்த்தரப்பு ஊரில் ஒவ்வோர் ஆணின் காலிலும் விழ வேண்டியிருக்கிறது. தனுஷ் அதைக் கண்ணீரோடு நடிக்கவில்லை. விழுகிறார், எழுகிறார், அடுத்த ஆளிடம் போகிறார். செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலையைப் போல. மகனுக்கு அது தாங்க முடியாத அவமானம், தந்தைக்கு அது மகனின் உயிர். தந்தையைக் கோழை என்று நினைத்த இளைய மகன், அவருடைய இளமைக்காலத்தை அறியும்போது, அந்தப் பணிவு எவ்வளவு பெரிய இழப்புக்குப் பிறகு கற்றுக்கொண்டது என்று புரிகிறது. தனுஷுக்கு இந்தப் பாத்திரம் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது.

‘பரியேறும் பெருமாள்’ படத்தில் பரியனின் தந்தை பெண் வேடமிட்டு ஆடும் நாட்டுப்புறக் கலைஞர். அந்த வேடத்தில் நடித்த தங்கராசு, நெல்லைப் பகுதியின் உண்மையான கூத்துக் கலைஞர். தந்தையின் தொழிலை வெளியே சொல்லக் கூசி, கல்லூரிக்கு வேறொருவரை அப்பாவாக அழைத்து வந்தவன் பரியன். பிறகு உண்மையான தந்தையே வரும்போது, அங்கே அவருடைய வேட்டி உருவப்பட்டு அவர் ஓட நேர்கிறது. அந்த ஓட்டத்தைப் பார்த்த எவராலும் அதை மறக்க முடியவில்லை.

இந்தப் படத்தில் இன்னொரு தந்தையும் இருக்கிறார்: மாரிமுத்து நடித்த, பரியனின் கல்லூரித் தோழி ஜோவின் அப்பா. பரியனை அழைத்து வந்த திருமண மண்டபத்தில் உறவினர்கள் அவனை அடித்து இழிவுபடுத்திய பிறகு, மகளைவிட்டு விலகிவிடும்படி அவனிடம் கெஞ்சுபவர். கொடுமைக்குத் துணைநிற்கவும் முடியாமல், எதிர்க்கவும் துணியாமல் நிற்கும் அந்த முகம், ஆணவக் கொலைகள் நடக்கும் வீடுகளில் இருந்திருக்கக்கூடிய எத்தனையோ தந்தையரின் முகம்.

தொலைக்காட்சித் தொடர்களில் நினைவில் நிற்கும் அப்பா யார்?

சன் தொலைக்காட்சியில் 2002 முதல் 2005 வரை வந்த ‘மெட்டி ஒலி’யின் சிதம்பரம்தான் பலருடைய பதில். ‘எம்டன் மகன்’ படத்தை இயக்கிய திருமுருகனே இந்தத் தொடரின் இயக்குநர். மனைவியை இழந்து ஐந்து பெண்களை வளர்த்த அந்தத் தந்தையாக டெல்லி குமார் நடித்தார். தினமும் நம் வீட்டுக்குள் வரும் தொடரில், ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் மகள்களின் புகுந்த வீட்டு வாசலில் தலைகுனிந்து நிற்பதை நாம் பார்த்தோம். இரண்டரை மணி நேரப் படத்தில் ஒருமுறை வரும் அவமானம் வேறு. நாள்தோறும் தொடரும் அவமானம் வேறு. சின்னத்திரையின் வலிமை அந்த நீளத்தில்தான் இருந்தது.

அதே இயக்குநரின் ‘நாதஸ்வரம்’ (2010–2015) தொடரில் மௌலி நடித்த சொக்கலிங்கம் இன்னும் மென்மையானவர். நேர் எதிர்த் திசையில், ‘எதிர்நீச்சல்’ தொடரின் ஆதி குணசேகரன் வீட்டுப் பெண்களை அதட்டியே ஆண்டவர். ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் கெஞ்சிய அதே மாரிமுத்துதான் இங்கே அதட்டினார். 2023 செப்டம்பரில் அவர் மறைந்தபோது, அந்தக் கொடுமைக்காரப் பாத்திரத்துக்காகவே வீடுகள்தோறும் அவரைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

‘தவமாய் தவமிருந்து’, ‘வாரணம் ஆயிரம்’ இரண்டையும் ஏன் சேர்த்தே பேசுகிறார்கள்?

இரண்டும் மகன் தன் தந்தையை நினைத்துப் பார்க்கும் கதைகள் என்பதால். சேரனின் படத்தில் (2005) ராஜ்கிரண் நடித்த முத்தையா சிறிய அச்சகம் நடத்துபவர். இரண்டு மகன்களையும் சைக்கிளில் வைத்து மிதித்துச் சென்று படிக்க வைத்து, கடன்பட்டுத் தீபாவளி கொண்டாட வைத்து, பிறகு அவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போவதைப் பார்க்கிறார். கௌதம் வாசுதேவ் மேனனின் படத்தில் (2008) சூர்யா நடித்த கிருஷ்ணன், மகனிடம் காதலைப் பற்றியும் பேசக்கூடிய நகரத்துத் தந்தை. இயக்குநர் மறைந்த தன் தந்தையின் நினைவாக எடுத்த படம். முத்தையா பேசாமல் செய்தார், கிருஷ்ணன் பேசிக்கொண்டே செய்தார். முத்தையாவே கூடுதல் உண்மையாகப் படுகிறார் என்பது என் கருத்து. வரவையும் செலவையும் அச்சகத்து மையையும் நாம் கண்ணால் பார்க்கிறோம்; கிருஷ்ணனின் வாழ்க்கையில் பணம் எங்கிருந்து வந்தது என்று படம் அதிகம் கவலைப்படுவதில்லை.

குடும்பத்தைக் காக்கச் சட்டத்தை மீறும் அப்பாக்களைப் பற்றி?

‘பாபநாசம்’ (2015) சுயம்புலிங்கத்தையும் ‘மகாராஜா’ (2024) படத்தின் முடிதிருத்தும் தொழிலாளியையும் மக்கள் கொண்டாடினார்கள். ‘மகாராஜா’வின் முடிச்சைச் சொல்வது முறையாகாது. ‘பாபநாசம்’ படத்தில் சாமர்த்தியத்தைவிட முக்கியமானது, இறந்த இளைஞனின் பெற்றோர் முன்னால் சுயம்புலிங்கம் வந்து நிற்கும் கடைசிப் பகுதி. தன் மகளைக் காப்பாற்றிய தந்தையும் தன் மகனை இழந்த தந்தையும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். சொல்லவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் சுயம்பு பேசும் அந்தச் சில நிமிடங்கள் இல்லையென்றால், அது வெறும் புதிர்ப்படமாக முடிந்திருக்கும்.

பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க எவை பொருத்தம்?

‘அபியும் நானும்’, ‘சம்சாரம் அது மின்சாரம்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ ஆகியவற்றை எல்லா வயதினரோடும் பார்க்கலாம். மூன்றாவதில் வரும் போர்க் காட்சிகளுக்குச் சிறு குழந்தைகளிடம் கொஞ்சம் விளக்கம் தேவைப்படும். ‘மகாநதி’, ‘அசுரன்’, ‘மகாராஜா’ மூன்றும் பெரியவர்களுக்கானவை. ‘பரியேறும் பெருமாள்’ படத்தைக் கல்லூரிக்குச் செல்லவிருக்கும் பிள்ளைகளோடு அவசியம் பாருங்கள். ‘பேரன்பு’ படத்தைப் பெற்றோர் முதலில் தனியே பார்த்துவிட்டு, பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பிறகு பார்ப்பது நல்லது. அதில் எழும் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தாயோடு தந்தையும் உட்கார்ந்திருக்க வேண்டும்.